கெட்ட வருஷத்துக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள்

காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தலைஞாயிறு பக்கத்து விவசாயி. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடியும் பிரிந்து, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று பெயர் மாறி, கடலில் விழுவதற்கு முன்னால் கடைசியாக எட்டிப்பார்க்கிற வயல்கள் எங்களுடையவை. கடைமடை என்பார்கள். உங்கள் ஆவணங்களில் 'தமிழ்நாடு' என்ற ஒரே பெயருக்குள் நாங்களும் அடக்கம். கர்நாடகம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்ற எண்ணுக்குள்ளும் அடக்கம் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கூடுதல் தண்ணீர் கேட்டு இதை எழுதவில்லை. அதைக் கேட்கச் சென்னையில் அரசாங்கம் இருக்கிறது, டெல்லியில் வக்கீல்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒரு கணக்கு. மழை பொய்க்கும் வருஷத்தில் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், எதை வைத்து என்பதை விதை வாங்குவதற்கு முன்பே எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

நல்ல வருஷத்தில் உங்களுக்கு வேலையே கிடையாது. நீங்கள் அரசிதழில் பிறந்தது 2018 ஜூன் 1-ம் தேதி. அந்த வருஷமே கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வழிந்தன, மேட்டூர் 120 அடியைத் தொட்டது, கொள்ளிடம் கரை புரண்டது. ஆகஸ்ட் 22-ம் தேதி ராத்திரி முக்கொம்பில் ஷட்டர்களே அடித்துக்கொண்டு போயின. அணை தாங்காமல் கர்நாடகம் திறந்துவிடும் தண்ணீரை யாரும் உத்தரவு போட்டு வாங்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பரீட்சை வந்தது 2023-ல்.

அந்த வருஷம் வழக்கம்போல ஜூன் 12-ம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். அணையில் நூறு அடிக்கு மேல் தண்ணீர் இருந்ததால் குறுவை என்கிற குறுகிய கால நெல்லுக்குத் துணிந்தோம். தென்மேற்குப் பருவமழை கைவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் நீங்கள் கர்நாடகத்தை 15 நாளைக்கு நொடிக்கு 5,000 கன அடி விடச் சொன்னீர்கள். செப்டம்பரில் உங்களுக்குக் கீழ் இருக்கும் ஒழுங்காற்றுக் குழு அதையே நீட்டித்தது. உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 21-ம் தேதி தலையிட மறுத்தது. அப்புறம் 3,000 கன அடி, அதற்கப்புறம் 2,600. செப்டம்பர் 26-ம் தேதி பெங்களூரில் கடையடைப்பு, 29-ம் தேதி கர்நாடகம் முழுக்கக் கடையடைப்பு, அக்டோபர் 11-ம் தேதி எங்கள் டெல்டாவில் கடையடைப்பு. ஜனவரி 28 வரை திறந்திருக்க வேண்டிய மேட்டூரை அக்டோபரிலேயே பாசனத்துக்கு மூடிவிட்டார்கள். ஜூன் முதல் மே வரையான அந்த நீராண்டு முழுவதும் சேர்த்து எங்களுக்குரிய 177.25-ல் பாதிகூட வரவில்லை.

இதில் ஒரே ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாதக் கணக்கின்படி செப்டம்பரில், மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டியது 36.76 டி.எம்.சி. அதை முப்பது நாளுக்குப் பிரித்தால் நொடிக்கு 14,000 கன அடிக்குச் சற்று மேல் வரும். கர்நாடக அணைகளுக்கு அந்தப் பருவத்தில் வரத்து பாதிக்கு மேல் குறைந்திருந்தது. சரி, எங்கள் பங்கையும் பாதியாகக் குறையுங்கள். 7,000 வரும். பாதிக்கு மேல் குறைந்தது என்பதால் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். 5,000 எங்கிருந்து வந்தது? அது தவறான எண் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அணையில் இருந்த இருப்பு, பெங்களூரின் குடிநீர், கர்நாடகத்தின் மண்டியாவில் காய்ந்துகொண்டிருந்த கரும்பு எல்லாவற்றையும் பார்த்துத்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் போட்ட கணக்கை யாருக்கும் விளங்கும்படி நீங்கள் எடுத்து வைக்கவில்லை.

மண்டியாக்காரரும் அப்போது இதே கேள்வியைத்தான் மறுபக்கம் நின்று கேட்டார். கர்நாடகத்தின் பெரும்பாலான வட்டங்களை அந்த அரசே வறட்சி வட்டங்களாக அறிவித்திருந்த நேரம் அது. எங்கள் அணையே காலி, எதை வைத்து 5,000 விடச் சொல்கிறார்கள் என்று அவர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார். குறைந்துவிட்டது என்று நாங்கள் ரயிலை மறித்தோம். வழி தெரியாத ஓர் எண் இரண்டு பக்கமும் அநியாயமாகத்தான் தெரியும். அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் புகுந்து அரசியல் பண்ணலாம். பண்ணினார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்ததும் இப்படி ஒரு கன அடி உத்தரவுக்குப் பின்னால்தான்.

மாநிலங்களுக்குள் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த காவிரி நடுவர் மன்றம் 2007-லேயே இதற்கு ஒரு வரி எழுதிவைத்தது. ஆற்றில் நீர்வரத்து குறைந்த ஆண்டில் மாநிலங்களின் பங்கை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதன் விகிதத்தில், எந்த நாள் வரை வந்த தண்ணீரை வைத்து, யார் அளந்து என்பதையெல்லாம் அந்த வரி சொல்லவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பும் அந்த வேலையைச் செய்யவில்லை. அது உங்கள் தலையில்தான் வந்து விழுந்தது. பருவம் முடியட்டும், மொத்த வரத்து தெரியட்டும், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு இருக்கிறதே என்பது கர்நாடகத்தின் வாதம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அணைக்குச் சொந்தக்காரனாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் நெல்லுக்குப் பொறுமை கிடையாது. இது உங்கள் கூட்ட அறையில் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆகஸ்டில் தண்ணீர் நிச்சயம் என்றால் எங்கள் பக்கம் சி.ஆர். 1009 நெல் போடுவோம். கடையில் பொன்மணி என்றும் கேட்பார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் ரகம், பள்ளக்காலுக்கு, அதாவது தாழ்ந்த வயலுக்கு ஏற்றது. தண்ணீர் செப்டம்பருக்குத் தள்ளிப்போனால் அதை விட்டுவிட்டு வயது குறைந்த ரகத்துக்கு மாற வேண்டும். நாற்றங்கால் விடுவதா, புழுதியிலேயே நேரடியாக விதைத்துவிடுவதா என்பதும் அந்தத் தேதியைப் பொறுத்ததுதான். புழுதியில் விதைத்துவிட்டு ஒரு மழையில் முளைத்த பயிர், அடுத்த தண்ணீருக்கு நாலு வாரம் காத்திருந்தால் நுனி சுருண்டு, களை மட்டும் பச்சையாக நிற்கும். மறுபடி உழுது மறுபடி விதைக்க வேண்டியதுதான். விதையும் உழவுக்கூலியும் இரண்டாவது தடவை.

இதற்கு நேர் எதிரான ஆபத்து நவம்பரில் வரும். எங்கள் நிலம் தாழ்வு. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மேற்கே இருக்கும் அத்தனை வயலும் வடிந்து எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடலில் ஏற்றம் இருந்தால் போகாது, நிற்கும். அதற்குள் பயிர் வேர் பிடித்து, தூர் கட்டி, முழங்கால் உயரமாவது வந்திருந்தால் ஒரு வாரம் மூழ்கினாலும் தப்பிக்கும். அக்டோபர் கடைசியில் நட்ட பயிர் அழுகிவிடும். வடகிழக்கு மழை உங்களுக்கு இருக்கிறதே என்று சொல்பவர்கள் ஒரு டிசம்பரில் இங்கே வந்து வரப்பில் நிற்க வேண்டும், வரப்பு கண்ணுக்குத் தெரிந்தால். எங்களுக்கு அந்த மழை தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்ப்பதில்லை. செப்டம்பரில் கிடைக்காத தண்ணீருக்கு நவம்பரில் தண்டனை வாங்குகிறோம்.

அதனால்தான் அளவைவிடத் தேதி பெரிது என்கிறேன். இந்த வருஷம் பாதிதான் என்று ஜூன் மாதமே தெரிந்தால் குறுவையைக் கைவிட்டுவிடுவோம். வலிக்கும், ஆனால் கடன் மிஞ்சாது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை டெல்லியிலிருந்து ஓர் எண் வரும், அதையும் கர்நாடகம் ஏற்குமா என்று இன்னொரு பதினைந்து நாள் பார்க்க வேண்டும் என்றால், விவசாயி சூதாடித்தான் ஆக வேண்டும்.

அடுத்து நிலத்தடி நீர். நடுவர் மன்றம் கொடுத்த 192 டி.எம்.சி.யை உச்ச நீதிமன்றம் 14.75 குறைத்து 177.25 ஆக்கியது. அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. அதில் எனக்கு வருத்தமில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரைப் பார்த்துக்கொண்டு நெல் போடு என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். மீதி 10 டி.எம்.சி.க்குச் சொன்ன காரணம்தான் இடிக்கிறது. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இருக்கிறதுதான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருக்கிறது. பம்புசெட் உள்ளவர்கள் மேட்டூரைப் பார்க்காமலேயே நாற்று விட்டு, குறுவை நட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரே கொள்ளிடத்திலிருந்து குழாயில் வர வேண்டும். ஆக, மேலே இருப்பவரின் கிணற்றைக் காட்டி வெட்டிய பத்து டி.எம்.சி., கிணறே வெட்ட முடியாத எங்கள் மடையிலும் குறைகிறது. தீர்ப்பை மாற்ற உங்களால் முடியாது என்பது தெரியும். ஆனால் பற்றாக்குறை வருஷத்தில் மாநிலம் கொண்டுவந்து கொடுக்கும் தேவைப் பட்டியலில், நிலத்தடி நீர் உள்ள பகுதி எவ்வளவு, ஆற்றை மட்டுமே நம்பிய பகுதி எவ்வளவு என்று பிரித்துக் கேட்க உங்களை யாரும் தடுக்கவில்லை.

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டுக் குப்பையையும் கொட்டித்தான் ஆக வேண்டும். கர்நாடகம் மேலே உட்கார்ந்துகொண்டு முதலில் எடுத்துக்கொள்கிறது என்கிறோம். டெல்டாவுக்குள் நடப்பதும் அதுதான். முறைப்பாசனம் என்று அறிவிப்பார்கள். ஆறு நாள் இந்த ஆற்றுக்கு, ஆறு நாள் அந்த ஆற்றுக்கு. ராத்திரியில் ரெகுலேட்டர் ஷட்டர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மேல்மடைக்காரருக்கும், மதகைத் திறந்து மூடும் லஸ்கருக்கும்தான் வெளிச்சம். வாய்க்கால் தூர்வாரும் பணியும் பல வருஷம் தண்ணீர் வருகிற அதே ஜூன் மாதத்தில்தான் மும்முரமாக நடக்கும். 2018-ல் கொள்ளிடத்தில் லட்சக்கணக்கான கன அடி கடலுக்குப் போன அதே நாட்களில் எங்கள் வாய்க்காலில் செடி முளைத்துக் கிடந்தது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்தவனுக்குத்தான் சாம்பாரின் அருமை தெரியும். வெள்ள வருஷத்திலும் வராத தண்ணீர் பற்றாக்குறை வருஷத்தில் எப்படி வரும்?

பிலிகுண்டுலுவில் அளந்தால் உங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. மேட்டூர், பவானிசாகர், அமராவதி மூன்றும் உங்கள் கண்காணிப்பில் உள்ள எட்டு அணைகளில் வருகின்றன. அப்படியென்றால் மேட்டூருக்குக் கீழே போன தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் உங்கள் கேள்வியாக இருக்கலாம். கடைமடை ரெகுலேட்டர்களில் ஓர் அளவுகோல், தினமும் ஓர் எண், அதை நாங்கள் பார்க்க ஒரு பலகை. மாநில அரசு இதற்குச் சங்கடப்படும். படட்டும். கர்நாடகத்திடம் கேட்கிற வெளிப்படைத்தன்மையை நமக்குள் காட்டாமல் எந்த முகத்தோடு கேட்பது?

இன்னும் கீழே ஒரு மடை இருக்கிறது. அதற்கு ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. நிலமில்லாத விவசாயத் தொழிலாளிகளைச் சொல்கிறேன். தண்ணீர் உறுதியில்லை என்று நான் நேரடி விதைப்புக்கு மாறும்போது நடவுக்கு வரும் பெண்களின் ஒரு பருவக் கூலி அப்படியே போகிறது. பயிர் காய்ந்தால் நிவாரணம் பட்டாவைப் பார்த்துத்தான் வரும். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் சான்றுக்கு அலைவார், கூலிக்காரர் அதற்கும் வழியில்லாமல் திருப்பூருக்கு ரயில் ஏறுவார். ஒரு டி.எம்.சி. குறைந்தால் எத்தனை ஏக்கர் பாதிக்கும் என்று மாநிலங்கள் உங்களிடம் வாதாடுகின்றன. எத்தனை ஆள்நாள் வேலை போகும் என்று எந்த மாநிலமும் சொல்வதில்லை, நீங்களும் கேட்பதில்லை.

கடலில் வீணாகக் கலக்கும் தண்ணீர் என்று மேடைதோறும் பேசுகிறார்களே, அதைப் பற்றியும் ஒன்று. நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கென்று 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் தள்ளிக்கொண்டு வராத கோடையில் உப்பு வடிகால் வழியாக உள்ளே ஏறுகிறது. உப்பு ஏறிய வயலை மீட்க இரண்டு நல்ல வெள்ளம் வேண்டும். அந்தப் பதினாலு டி.எம்.சி. வறட்சி வருஷத்தில் என்ன ஆகிறது என்று உங்கள் கூட்டத்தில் யார் கேட்கிறார்கள்? காவிரிக்கு நான்கு அரசுகளின் பிரதிநிதிகள் உண்டு. ஆற்றுக்கென்று ஒருவர் இல்லை.

விவசாயிக்கும் இல்லை. தலைவர், முழுநேர உறுப்பினர்கள், மத்திய அரசின் அதிகாரிகள், மாநிலங்களின் செயலாளர்கள், இதுதான் உங்கள் சபை. எல்லோரும் படித்தவர்கள், பெரும்பாலும் பொறியாளர்கள். அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன் அரசின் குரலாக மட்டுமே பேச முடியும். ஒரு செயலாளர் மனமிரங்கி 'சரி, இவர்களுக்கு இன்னும் ஓராயிரம் விடலாம்' என்று சொன்னால் மறுநாள் அவர் ஊரில் கொடும்பாவி எரியும்.

விவசாயிகள் அப்படிப் பேசிய காலமும் உண்டு. 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் முன்கை எடுத்து இரு மாநில விவசாயிகளையும் உட்கார வைத்தது. காவிரிக் குடும்பம் என்று பெயர் வைத்தார்கள். இங்கிருந்து அங்கே போய் அவர்கள் வயலைப் பார்த்தார்கள், அங்கிருந்து இங்கே வந்து எங்கள் வயலைப் பார்த்தார்கள். தண்ணீரைப் பங்கிட்டு முடித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், முடிக்கவில்லை. ஆனால் பற்றாக்குறையைப் பங்கிடுவது எப்படி என்று உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு அரசுகளும் அதைக் கையில் எடுக்கவில்லை. உங்கள் ஆணையத்தில் ஓட்டுரிமைகூட வேண்டாம், ஒழுங்காற்றுக் குழுவில் பார்வையாளராக மாநிலத்துக்கு இரண்டு பேர், ஒருவர் தலைமடை, ஒருவர் கடைமடை என்று உட்கார வைத்துப் பாருங்கள். அந்தக் குழுதான் பருவகாலத்தில் அடிக்கடி கூடுகிறதே.

கர்நாடகம் காவிரியில் கட்ட நினைக்கும் மேகதாட்டு அணை பற்றி எழுதாமல் விட்டால் ஊரில் என்னைச் சும்மா விட மாட்டார்கள். 67 டி.எம்.சி. கொள்ளும் அணை மேலே எழுந்தால் கெட்ட வருஷத்தில் அதன் சாவி யார் கையில் என்பதுதான் எங்கள் பயம். குறைபாட்டுக்கால விதி எழுத்தில் இருந்து, அது இரண்டு மூன்று வறட்சியில் நடைமுறையிலும் நின்று காட்டினால் அந்தப் பேச்சின் சூடு வேறு மாதிரி இருக்கும். இன்றைக்கு இல்லை. அதனால் இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

நான் கேட்கும் கணக்கு எப்படி இருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன், குறை மட்டும் சொன்னான் என்று பேர் வேண்டாம். ஜூன் தொடக்கத்தில் ஒரு பக்கத் தாள். கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கும் ஜூலை 15, ஆகஸ்ட் 15, செப்டம்பர் 15 வரை வந்த மொத்த வரத்து, கடந்த முப்பது வருஷச் சராசரியில் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம். அதற்கு எதிரே, அந்தச் சதவீதத்துக்கு அடுத்த முப்பது நாளைக்கு பிலிகுண்டுலுவில் எவ்வளவு என்று ஒரு கட்டம். குடிநீரை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், பெங்களூருக்கும் சரி, எங்களுக்கும் சரி. பின்னால் மழை பெய்து வரத்து கூடினால் விட்ட குறையைச் சரிக்கட்டுவது எப்படி என்று கீழே ஒரு வரி. எண்கள் எங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள். சண்டை போடுவதாக இருந்தால் ஜூன் மாதத்திலேயே அந்தத் தாளை வைத்துப் போடுவோம். வயல் காயும்போது ரோட்டில் போட வேண்டாம்.

அந்தத் தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. தமிழிலும் கன்னடத்திலும் ஒரே நாளில் வரட்டும். மலையாளத்திலும் வரட்டும், வயநாட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. கூட்டக் குறிப்புகளும் அப்படியே. இப்போது உங்கள் உத்தரவு எங்களுக்குத் தெரிவது தொலைக்காட்சியில் ஓடும் ஒரு வரியில்தான். கர்நாடகத் தொலைக்காட்சியில் அதே உத்தரவு வேறு மாதிரி ஓடுகிறதாம்.

உச்ச நீதிமன்றம் இந்தப் பங்கீட்டுக்கு 15 வருஷம் ஆயுள் கொடுத்தது. 2033 அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. அதற்குள் நிச்சயம் இன்னொரு 2023 வரும்.

எங்கள் பக்கம் விதை வாங்குவது ஜூலைக் கடைசியில் தொடங்கும். அதற்கு முன் அந்தத் தாள் வெளியானால் எங்கள் பாசனதாரர் சங்கத்தில் நானே ஒட்டிவிடுகிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையாவது எழுதுங்கள், அதையும் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
தலைஞாயிறு ஒன்றியம், நாகப்பட்டினம் மாவட்டம்.